வாய் கோணினால் வண்டியைக் கூப்பிடுங்கள்

மாண்பமை தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய அருட்தந்தை அவர்களே, கோவில் நிர்வாகப் பெரியோர்களே, வேறு கூட்டத்தை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, வாசகசாலைத் தோழர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பக்கவாதத்தின் அறிகுறிகள், முதலுதவி, பிந்தைய பராமரிப்பு ஆகிய மூன்றையும் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? முதலாவதிலிருந்து தொடங்குகிறேன்.

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டும் ஒருவர். விடியற்காலை 5 மணிக்குத் தலைவிளக்கோடு மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருந்தவரின் வலக்கையிலிருந்து கத்தி நழுவியது. குனிந்து எடுத்தார், மறுபடியும் நழுவியது. தூக்கக் கலக்கம் என்று வீடு திரும்பியவருக்கு மனைவி கட்டன்சாயா கொடுக்க, அது வலது கடைவாய் வழியே சட்டையில் வடிந்தது. பேச்சும் குழறியது. அண்டை வீட்டார் கூடினார்கள். வாயு என்றார் ஒருவர், பித்தம் என்றார் மற்றவர், மூன்றாமவர் தைலக் குப்பியோடு வந்து கையை உருவத் தொடங்கினார். வெளியூர் மைத்துனர் வந்து முடிவு சொல்லட்டும் என்று காத்திருந்து, மருத்துவமனை வாசலை மிதித்தபோது மணி 11. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தோன்றிய 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கை இன்றுவரை கத்தி பிடிக்கவில்லை.

ஆகவே, ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணினால், உயர்த்திய இரு கைகளில் ஒன்று தாழ்ந்தால், பேச்சு குழறினால், பார்வையோ நடையோ தடுமாறினால், மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் போயாக வேண்டும். பக்கவாதத்துக்குக் காரணம் பெரும்பாலும் மூளை ரத்தக்குழாயில் அடைப்பு, சிலருக்கு ரத்தக்கசிவு. எது என்று சி.டி. ஸ்கேன்தான் சொல்லும் என்பதால் கையிலிருக்கும் ஆஸ்பிரினைக் கொடுக்காதீர்கள். விழுங்கும் திறன் போயிருக்கலாம், தண்ணீரும் வேண்டாம்.

இத்தனைக்கும் முதற்காரணம் பிரஷர், வலியின்றி வளர்வது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. ஆனால் பணியாளர் வரும் நேரத்தில் நம் ஆண்கள் தோட்டத்திலோ கடலிலோ இருப்பார்கள். மாலையில் அவர்கள் கூடுவது வாசகசாலையில். அங்கே கேரம் பலகை உண்டு, ஓணப் போட்டிக்கு வசூல் உண்டு, பிரஷர் பார்க்கும் கருவி மட்டும் இல்லை! 140-க்கு 90 என்று அடிக்கடி காட்டினால் மருத்துவரிடம் போகலாம். பிரஷரைப் பார்க்காத வரை கண் கெட்ட பிறகுதான் நமஸ்காரம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பராமரிப்பைப் பற்றி இன்னொரு நாள். கருவி வாங்கும் தீர்மானத்தை வாசகசாலைச் செயலாளர் இம்மேடையிலேயே முன்மொழியட்டும், வழிமொழிய நான் நிற்கிறேன்.