கடைசி வரியில் நாட்டின் பெயர்

நேயர்களுக்கு வணக்கம். 32 வருஷம் மதுரை ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவன் நான். இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் உறையில் பின்கோடு சரியா என்றுதான் பார்ப்பேன். அதனால் வெளிநாடு போனால் வீட்டுக்கு ஒரு கார்டு போடுங்கள் என்று நான் சொன்னால், அது பாசமா, பழைய தொழில் புத்தியா என்று என் மனைவிக்குச் சந்தேகம்.

போன வருஷம் மகள் ஜப்பானுக்குக் கூட்டிப்போனாள். கியோட்டோவில் ஒரு படக் கார்டு வாங்கினேன். மலையேறும் பாதை நெடுகச் சிவப்பு வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் படம். அங்கிருந்து எந்த நாட்டுக்குக் கார்டு போட்டாலும் விமானத் தபாலுக்கு ஒரே கட்டணம், 100 யென். எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, பெட்டி முன்னால் போய் நின்றால், பெட்டிக்கு இரண்டு வாய்! மேலே எழுதியிருப்பது ஒரு எழுத்தும் புரியவில்லை. 32 வருஷ சர்வீஸ், இடதா வலதா தெரியாமல் முழிக்கிறேன். சரி, இடது பக்கம் போடலாம் என்று கையை நீட்டினேன். பின்னால் நின்ற ஒரு பாட்டியம்மா, எண்பது வயசாவது இருக்கும், என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். வலது பக்கத்தைக் காட்டினார். இடது பக்கம் உள்நாட்டுக் கடிதம், கார்டு. பெரிய உறை, அவசரத் தபால், வெளிநாட்டுத் தபால் எல்லாம் வலது பக்கமாம். அப்புறம் கார்டை வாங்கிப் பார்த்தார். கடைசி வரியில் விரலை வைத்து, "இந்தோ" என்று சிரித்தார். அவர்கள் மொழியில் இந்தியாவுக்கு அதுதான் பெயர்.

அவர் விரல் வைத்த வரியைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். ஜப்பான் தபால் ஊழியருக்கு உங்கள் தெரு எதற்கு? நாடு எது என்று தெரிந்தால் போதும். அதை ஆங்கிலப் பெரிய எழுத்தில், கடைசியாக, தனி வரியில் எழுதுங்கள். மற்ற வரிகள் நம் ஊர் ஆட்களுக்கு. கார்டு முதலில் டெல்லியில் இறங்கினாலும் இறங்கும். ஆகவே ஊர் பெயரும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பெயரும் தெருவும் தமிழிலேயே இருக்கலாம். பின்கோடு 625 என்று தொடங்கினால் மதுரைப் பக்கம் என்று சொல்லாமலே தெரியும். திரும்பவும் சொல்கிறேன், நாட்டின் பெயர் கடைசி வரியில், தனியாக.

இன்னொன்று. படக் கார்டின் பின்பக்கம் நடுவில் ஒரு கோடு இருக்கிறதே, அது முதலில் கிடையாது. பிரிட்டனில் 1902 வரை அந்தப் பக்கம் முழுக்க முகவரிக்குத்தான். சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதவேண்டும். அந்த வருஷம்தான் இடது பாதியைச் சேதிக்கு விட்டார்கள். அவ்வளவு காலம் கழித்துக் கிடைத்த இடம், அதிலும் திருப்தி இல்லாமல் கோட்டைத் தாண்டிப் பின்கோடின் மேலேயே "மற்றவை நேரில்" என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல?

என் கார்டு, நான் வீடு திரும்பி ஒன்பது நாள் கழித்து வந்தது. கார்டுதானே, உறையா மூடி மறைக்க? தபால்காரர் வாசலிலேயே, "சார், அங்க ஃபில்டர் காபி கடைசி வரைக்கும் கிடைக்கலியா?" என்றார். மனைவி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விலாசம் அஞ்சு வரி. எனக்கு ஒரே வரி, அதுவும் காபியைப் பத்தி."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிந்தது என்று கையைக் காட்டுகிறார்கள். ஜப்பான் ஸ்டாம்புக்கு மதுரையில் எப்படி மதிப்பு, 1874-இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தம், அதையெல்லாம் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். போகட்டும். பசிபிக் கடலில் இருக்கும் கலாபகோஸ் தீவுகளில், ஃபுளோரியானா என்ற தீவில், திமிங்கில வேட்டைக் கப்பல்கள் போன காலத்திலிருந்து ஒரு தபால் பீப்பாய் உண்டு. ஸ்டாம்பே வேண்டாம். கார்டைப் போட்டுவிட்டு, உங்கள் ஊர்ப் பக்கத்துக் கார்டு உள்ளே கிடந்தால் எடுத்துப்போய் நீங்களே கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். அங்கே பின்கோடுகூடத் தேவைப்படாது. இருந்தாலும் எழுதுங்கள். வணக்கம்.