மூன்று பெயர் கொண்ட மலை ஊர்

நேயர்களுக்கு வணக்கம். இத்தாலி என்றதும் ரோமும் வெனிஸும்தான் நம் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது வடக்கே, டோலமைட் மலைகளுக்கு நடுவில், வால் கார்தேனா பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு சிற்றூரைப் பற்றி. உயரம் 1,200 மீட்டருக்கு மேல். ஜனங்கள் சுமார் 5,000 பேர்.

ஊர்ப் பலகையில் மூன்று பெயர்கள் இருக்கும். இத்தாலியனில் ஓர்திசெய், ஜெர்மனில் சாங்க்ட் உல்ரிக், லடினில் உர்திஜெய். முதல் உலகப் போர் வரை இது ஆஸ்திரியாவின் மண். போர் முடிந்தபின் இத்தாலிக்குப் போனது. ஆனால் ஊரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தாய்மொழி லடின். பழைய லத்தீனின் வழிவந்த மலை மொழி அது.

பனிக்காலம் நீண்டது, விளைநிலமோ கொஞ்சம். அதனால் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே இவர்கள் உளியைப் பிடித்தார்கள். உயரத்தில் வளரும் ஒருவகைப் பைன் மரம் மென்மையானது, சீக்கிரம் பிளக்காது, வாசனை வேறு. அதில் புனிதர் சிலைகளும் கை கால் அசையும் பொம்மைகளும் செய்து, முதுகில் சுமந்து போய் விற்றார்கள். சிலர் ஐரோப்பிய நகரங்களில் கடையே போட்டுவிட்டார்கள். செதுக்குவதோடு விற்கவும் தெரிந்தவர்கள். எனக்கு இவர்களிடம் பிடித்ததே அதுதான். இப்போது பல பட்டறைகளில் முதல் வெட்டை இயந்திரமே போட்டுவிடுகிறது. சிலை வாங்கப் போனால், எவ்வளவு கைவேலை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

புனிதர்களைச் செதுக்கிய இந்த ஊரில்தான் 1940இல் இசையமைப்பாளர் ஜோர்ஜோ மொரோடர் பிறந்தார். உலகத்தையே டிஸ்கோவுக்கு ஆட வைத்தவர்!

1916இல், போர்த் தேவைக்காக ரஷ்யக் கைதிகளைக் கொண்டு இங்கே ஒரு குறுகிய ரயில் பாதை போட்டார்கள். 1960இல் அது நின்றது. தடத்தின் ஒரு பகுதியில் இன்று மக்கள் காலாற நடக்கிறார்கள். அப்புறம் பனிச்சறுக்கு வந்தது, ஓட்டல்கள் பெருகின. வருமானத்தில் சிற்பத்தைச் சுற்றுலா முந்திவிட்டது.

பள்ளிக்கூட ஏற்பாடு வித்தியாசமானது. பாதிப் பாடங்கள் இத்தாலியனில், பாதி ஜெர்மனில். லடினுக்கு வாரத்தில் சில மணி நேரம்தான். இருந்தும் அது தேயவில்லை, ஏனென்றால் வீட்டிலும் கடையிலும் பேச்சு அதில்தான். லடின் வழங்கும் எல்லாப் பள்ளத்தாக்குகளையும் சேர்த்தாலும் அதைப் பேசுவோர் சுமார் 30,000 பேர். அவர்களுக்காக இத்தாலிய அரசு வானொலி லடினிலும் செய்தி வாசிக்கிறது.

நன்றி, வணக்கம்.