புதன்கிழமை ஒரு மணி நேரம்

நேயர்களே, வணக்கம். நாம் கொலேஜ் என்று சொல்லும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். அதில் பதினோரு ஆண்டுகள், மாணவர்கள் நடத்தும் சேவைச் சங்கமான இன்டராக்ட் கிளப்பும் என் பொறுப்பில் இருந்தது. அந்தப் பதினோரு ஆண்டும் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மிஸ், இதற்கு மார்க் உண்டா?"

கேள்வியில் தப்பில்லை. பிள்ளை பல்கலைக்கழகம் போக வேண்டும் என்றுதானே இத்தனை பாடுபடுகிறார்கள்? அதனால் பதிலை நேராகச் சொல்லிவிடுகிறேன். ரெத்யுயியில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது, பள்ளிக் கடைசி ஆண்டில் எழுதும் கேம்பிரிட்ஜ் தேர்வான எச்.எஸ்.சி.யின் தேர்ச்சியைப் பொறுத்தது. கிளப்பில் இருந்ததற்காக அங்கே கூடுதல் புள்ளி தருவார்கள் என்று நம்பிப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்களின் கதை வேறு. பிரிட்டனின் யூகாஸ் விண்ணப்பத்தில் 2026 சேர்க்கையிலிருந்து தன்னைப் பற்றி எழுதும் ஒரே கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள். படிப்புக்கு வெளியே என்ன செய்து உன்னைத் தயார் செய்துகொண்டாய், அது எப்படிப் பயன்படும் என்பது மூன்றாவது கேள்வி. அமெரிக்காவின் காமன் ஆப் விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகள் வரை எழுதலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான் இடம். அந்தச் சிறிய இடத்தில் 'கிளப் உறுப்பினர்' என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன தெரியும்? 'இரண்டு ஆண்டு பொருளாளர், முதியோர் இல்லத்துக்குச் சக்கர நாற்காலி வாங்கப் பணம் திரட்டினேன்' என்று எழுதினால் ஒரு பிள்ளை கண் முன்னே வந்து நிற்கும்.

பெரியவர்களின் சேவைச் சங்கங்கள் துணை நிற்கும் இந்தப் பள்ளிக் கிளப்புகள் எல்லாம் அமெரிக்காவில் பிறந்தவை. கிவானிஸின் கீ கிளப் 1925இல், லயன்ஸின் லியோ கிளப் 1957இல், ரோட்டரியின் இன்டராக்ட் 1962இல். இன்டராக்ட் 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு திட்டங்கள் செய்ய வேண்டும். ஒன்று பள்ளிக்கோ ஊருக்கோ உதவுவது, மற்றது பிற நாடுகளைப் புரிந்துகொள்வது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் மாணவர்களே. பெரியவர்கள் பக்கத்தில் இருப்போம், நடத்துவது அவர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி விஷயம்தான். அதை எனக்குக் கற்றுக் கொடுத்தவள் ஒரு மாணவி.

பள்ளியில் பணம் திரட்ட நடத்தும் ஃபேன்சி ஃபேர் சந்தை நாள் ஒன்றில் எங்கள் கிளப் காத்தோ பிமா என்ற மிளகாய் வடையும் அலூடா என்ற பால் பானமும் விற்றது. நல்ல வியாபாரம். மாலையில் எண்ணிப் பார்த்தால் 340 ரூபாய் குறைகிறது. பொருளாளர் பெண்ணுக்குப் பதினாறு வயது, முகமே வாடிவிட்டது. என் கை தானாகப் பைக்குப் போயிற்று. நானே போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். "வேண்டாம் மிஸ், எங்கே போனது என்று தெரிய வேண்டும்" என்றாள். இரண்டு நாள் இடைவேளைகளில் ரசீதுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் தெரிந்தது, மதியம் பால் தீர்ந்துபோய் ஒரு பையன் முனைக் கடைக்கு ஓடி வாங்கி வந்திருக்கிறான், ரசீது வாங்கவில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்கே போய் ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கி வந்தாள். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, யாரையும் குறை சொல்லாமல், நடந்ததைக் கணக்கோடு படித்தாள்.

நான் பணத்தைப் போட்டிருந்தால் அவளிடமிருந்து ஒரு பெரிய பாடத்தைப் பறித்திருப்பேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அவள் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கும்போது ஒரு நாள் போன் செய்தாள். ஐந்து பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை, இரண்டு பேர் கையே வைக்கவில்லை. இவள் சண்டைக்குப் போகவில்லை. யார் எதை எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாள். "நம் கிளப்பில் செய்த மாதிரியே மிஸ்" என்றாள். பல்கலைக்கழகத்தில் மணி அடித்து யாரும் எழுப்ப மாட்டார்கள். எச்.எஸ்.சி.யில் நல்ல தரம் வாங்கிய பிள்ளைகள் அங்கே தடுமாறுவது பெரும்பாலும் பாடத்தில் அல்ல; கேட்க வேண்டியதைக் கேட்பதில், ஒப்புக்கொண்டதை முடிப்பதில்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. காவடித் திருநாளில் கோவிலில் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு வாழை இலை போட்டு, வரிசை பார்த்து, கடைசிப் பந்தி வரை பரிமாறும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் சேவைதான். கிளப் இல்லாத கொலேஜில் படிக்கும் பிள்ளை விண்ணப்பத்தில் அதைத் தயங்காமல் எழுதலாம்.

2020இல் வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னி பவளப்பாறையில் சிக்கி, ஆகஸ்டில் ஏறத்தாழ 1000 டன் எண்ணெய் நம் கடலில் கலந்தது. அப்போது மஹேபூரில் துணிக்குள் கரும்புச் சோகையைத் திணித்து மிதக்கும் தடுப்புகள் தைத்தோமே, அங்கே என் பழைய மாணவர்கள் சிலரைப் பார்த்தேன். ஒருத்தி கையுறை யாரிடம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சரி, இப்போது என் வேண்டுகோள். ஐந்து கிளப்பில் பெயர் கொடுத்து ஐந்து சான்றிதழ் சேர்ப்பது வீண். ஒன்றில் சேரட்டும், கிரேட் 10இலேயே சேரட்டும். சின்னப் பொறுப்பாக இருந்தாலும் இரண்டு மூன்று ஆண்டு விடாமல் செய்யட்டும். கிரேட் 13 வந்ததும் பதவியைத் தம்பி தங்கைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் படிக்கப் போகட்டும். கேம்பிரிட்ஜ் தேர்வு நெருங்கும் நேரத்தில் ஃபேன்சி ஃபேர் கணக்கு வேண்டாம்.

பல கிளப்புகள் கூட்டம் கூடாமலே படுத்துவிடுவதற்கு லெசோன்தான் காரணம். பள்ளி விட்டதும் பிள்ளைகள் டியூஷனுக்கு ஓடுகிறார்கள். எங்கள் கிளப் புதன்கிழமை கூடும்; பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போவார்கள். ஒரு வருடம் நானே லெசோன் மாஸ்டர்கள் மூன்று பேரிடம் போய், புதன்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். இரண்டு பேர் உடனே சரி என்றார்கள். மூன்றாமவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, அடுத்த வாரமே ஒப்புக்கொண்டார். உங்கள் பிள்ளையின் மாஸ்டரிடம் நீங்களும் கேட்டுப் பாருங்கள். நன்றி, வணக்கம்.