ப்ரோட்ராக்கர்ல நோட் விழுந்துபோகுது, மெமரி பத்தல: என்ன காரணம், எப்படிச் சரிபண்றது?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் கேட்டிருக்காரு: "வின்யூஏஇ எமுலேட்டர்ல பழைய அமிகா கம்ப்யூட்டரைப் போட்டு, ப்ரோட்ராக்கர்ங்கிற பாட்டு எழுதுற ப்ரோக்ராமை ஓட்டுறேன். நல்லா வேகமா ஓடட்டும்னு 68040 ப்ராசஸர், 8 எம்பி ஃபாஸ்ட் ரேம் எல்லாம் குடுத்திருக்கேன். ஆனா நோட்டு அங்கங்க விழுந்துபோகுது, ரெண்டு மூணு சாம்பிள் (பதிவு பண்ணின சின்னச் சத்தத் துண்டு) ஏத்தினதுமே மெமரி இல்லைங்குது, பாட்டு நிஜ அமிகால கேட்டதைவிட வேகமா ஓடுது, சேவும் ஆகமாட்டேங்குது. எங்க தப்பு?"

நல்ல கேள்வி. முதல் பிரச்சனைக்குக் காரணம் அந்த 68040. ரெண்டாவதுக்கு அந்த 8 எம்பி உதவவே உதவாது. ரெண்டையும் எடுத்துடுங்க. இந்த மாதிரி பழைய ட்ராக்கர் எல்லாம் 1987-ல வந்த அமிகா 500-ஐ மனசுல வச்சு எழுதினது. அந்த மெஷின் எவ்வளவு மெதுவோ, அந்த மெதுவை நம்பித்தான் ப்ரோக்ராமே ஓடுது.

நோட்டு ஏன் விழுது? அமிகால சத்தத்தைப் பார்த்துக்கிறது பவுலாங்கிற சிப். நாலு சேனல், 8 பிட். புது நோட்டு வரும்போது ட்ராக்கர் அந்தச் சேனலோட டிஎம்ஏவை (சிப் தானே மெமரியைப் படிக்கிற வழி) ஆஃப் பண்ணும், புது சாம்பிளோட முகவரியைக் குடுக்கும், கொஞ்சம் பொறுத்து திரும்ப ஆன் பண்ணும். இந்த "கொஞ்சம் பொறுத்து"ங்கிறதுல தான் விஷயம் இருக்கு. பல பழைய பதிப்புகள்ல அது டைமர் இல்ல, சும்மா சில நூறு தடவை சுத்துற ஒரு வெத்து லூப். 300 சுத்துன்னு வச்சுக்கோங்க, 7.09 மெகாஹெர்ட்ஸ் 68000-ல அதுக்கு சுமார் 0.4 மில்லிசெகண்ட் ஆகும். பவுலாவுக்கு அது போதும். அதே லூப்பை "ஃபாஸ்ட்டெஸ்ட் பாசிபிள்"னு வச்ச 68040-ல ஓட்டினா கண்ணிமைக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். டிஎம்ஏ ஆஃப் ஆனதே பவுலாவுக்குத் தெரியாது, அது பழைய சாம்பிளையே வாசிச்சுக்கிட்டு இருக்கும். தாழ்ந்த ஸ்தாயி நோட்டுகள்ல இது இன்னும் அதிகமா தெரியும், ஏன்னா அங்க ஒவ்வொரு பைட்டுக்கும் பவுலா எடுத்துக்கிற நேரமே ஜாஸ்தி. சி-1 நோட்டுல ஒரு பைட்டுக்கு 0.24 மில்லிசெகண்ட்.

அதனால குயிக்ஸ்டார்ட் பக்கத்துக்குப் போங்க. மாடல் அமிகா 500. கீழ இருக்கிற கம்பாட்டிபிலிட்டி ஸ்லைடரை "பெஸ்ட் கம்பாட்டிபிலிட்டி" பக்கம் முழுசா தள்ளிடுங்க. கான்ஃபிகரேஷன் லிஸ்ட்ல 1.3 ரோம், ஈசிஎஸ் ஆக்னஸ், 1 எம்பி சிப் ரேம்னு இருக்கிறதை எடுங்க. அமிகாவைத் தொடங்கி வைக்கிற ரோமான கிக்ஸ்டார்ட் 1.3 ஃபைல் வழக்கமா 2,62,144 பைட் இருக்கும். வேற அளவுன்னா அது வேற பதிப்பா இருக்கலாம், இல்ல கெட்டுப்போன ஃபைலா இருக்கலாம். முறையா வாங்கணும்னா அமிகா ஃபாரெவர் தொகுப்புல வருது.

இப்ப மெமரி. 8 எம்பி குடுத்தும் ஏன் பத்தல? பவுலாவால சிப் ரேமை மட்டும்தான் படிக்க முடியும். ஃபாஸ்ட் ரேம் அதோட கண்ணுக்கே தெரியாது. நீங்க எவ்வளவு ஃபாஸ்ட் ரேம் குடுத்தாலும் சாம்பிள் வைக்க இடம் ஒரு பைட்கூட கூடாது. சாதாரண அமிகா 500-ல சிப் ரேம் 512 கேபி, அதுல திரையும் ப்ரோக்ராமும் எடுத்துக்கிட்ட மிச்சம்தான் உங்களுக்கு. அதான் 1 எம்பி எடுக்கச் சொன்னேன். அதுவும் பத்தலைன்னா அமிகா 500 ப்ளஸ் மாடலுக்குப் போய் 2 எம்பி சிப் ரேம் வைங்க. அந்த வரிசைல அதுக்கு மேல கிடையாது.

ஆனா மெமரியை ஏத்துறதுக்கு முன்னாடி சாம்பிளைச் சின்னதாக்குங்க, அதுல தான் பலன் ஜாஸ்தி. 44,100 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோ 16 பிட் வேவ் ஃபைலை அப்படியே ஏத்தினா இடமும் போகும், வெறும் இரைச்சலும் வரும். ஆடாசிட்டிங்கிற ஒலி எடிட்டர்ல இப்படிப் பண்ணுங்க. முதல்ல மோனோ ஆக்குங்க. அடுத்து சாம்பிள் ரேட்டை 16,574-னு டைப் பண்ணி மாத்துங்க. ஏன் அந்த நம்பர்? பால் (PAL, ஐரோப்பா பக்கத்து டிவி முறை) அமிகால பவுலாவோட கடிகாரம் 35,46,895 ஹெர்ட்ஸ். ப்ரோட்ராக்கர்ல சி-3 நோட்டோட பீரியட் (ஒரு பைட்டுக்கு எத்தனை கடிகாரத் துடிப்பு) 214. முதலை ரெண்டாவதால வகுத்தா 16,574 வருது. அதாவது இந்த ரேட்ல ஏத்தின சாம்பிள் சி-3-ல அதோட சொந்தச் சுருதில பாடும். ஒரு செகண்டுக்கு பதினாறரை கேபிதான். ட்ரம், பேஸ் மாதிரி சாம்பிளுக்கு பாதி ரேட்டான 8,287-கூட போதும், அதை சி-2-ல வாசிங்க.

ரேட் மாத்தின பிறகு நார்மலைஸ் பண்ணுங்க, இதை மறக்காதீங்க. 8 பிட்டுல மொத்தமே 256 படி. சத்தம் கம்மியான சாம்பிள்னா அதுல 30, 40 படிதான் பயன்படும், மீதி இடத்தை இரைச்சல் பிடிச்சுக்கும். எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஹெடர் இல்லாத ரா ஃபார்மட், "சைன்டு 8 பிட்". அன்சைன்டு குடுத்தா கரகரன்னு உடைஞ்சு கேக்கும். ஒரு சாம்பிள் 64 கேபிக்குள்ள இருக்கட்டும். சாம்பிள் முடிஞ்ச பிறகு மெல்லிசா கீச்சுன்னு ஒரு சத்தம் நிக்குதா? லூப் இல்லாத சாம்பிள் முடிஞ்சதும் பவுலா நிக்கிறதில்ல, முதல் ரெண்டு பைட்டையே திரும்பத் திரும்ப வாசிக்கும். அந்த ரெண்டு பைட்டும் பூஜ்யமா இருக்கணும். ஆரம்பத்துல துளி மௌனம் விட்டு வெட்டினா போதும்.

மூணாவது, வேகம். குயிக்ஸ்டார்ட்லயே என்டிஎஸ்சினு (அமெரிக்க டிவி முறை) ஒரு டிக் இருக்கும், அது ஆன் ஆயிருக்கான்னு பாருங்க. இருந்தா எடுத்துடுங்க. பால் மெஷின் செகண்டுக்கு 50 தடவை துடிக்கும், என்டிஎஸ்சி 60. திரைத் துடிப்பைப் பார்த்து ஓடுற ட்ராக்கர் அதனால அஞ்சுல ஒரு பங்கு வேகமாயிடும். சரிபார்க்க சுலபமான வழி: ஸ்பீடு 6, டெம்போ 125 வச்சு ஒரே பேட்டர்னை (64 வரி நோட்டு) பத்து தடவை ஓடவிட்டு, ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் வைங்க. 76.8 செகண்ட் வரணும். 64 வந்தா எங்கயோ 60 ஹெர்ட்ஸ்ல ஓடுது. டிக் எடுத்தும் அப்படி வந்தா டிஸ்ப்ளே பக்கத்துல வீசிங்கை (VSync, மானிட்டர் துடிப்போட படத்தைச் சேர்க்கிற வசதி) ஆஃப் பண்ணுங்க, 60 ஹெர்ட்ஸ் மானிட்டரோட அது மல்லுக்கட்டும். டெம்போ சரியா இருந்தும் ஒரு குறிப்பிட்ட பழைய மாட் ஃபைல் (ட்ராக்கர் பாட்டு ஃபைல்) மட்டும் தாறுமாறா ஓடுதுன்னா, ப்ரோட்ராக்கர்ல டைமிங்கை சிஐஏல (டைமர் சிப்) இருந்து விபிளாங்க்குக்கு (திரைத் துடிப்பு) மாத்திப் பாருங்க. வேகத்தை மாத்துற எஃப் கட்டளைல ஹெக்ஸ் 20-ல (அதாவது 32-ல) இருந்து மேல வர்ற நம்பரை சிஐஏ டெம்போவா எடுத்துக்கும், விபிளாங்க் ஸ்பீடா எடுத்துக்கும்.

சேவ் ஆகாததுக்கு பெரும்பாலும் ஒரே காரணம்: டிஸ்க் இமேஜை ஜிப்புக்குள்ள வச்சே ஓட்டுவீங்க, இல்ல ரைட் ப்ரொடக்ட் டிக் இருக்கும். ஃப்ளாப்பி பக்கத்துல புதுசா ஒரு வெத்து டிஸ்க் உருவாக்கி, ஃபார்மட் பண்ணி, ரெண்டாவது ட்ரைவான டிஎஃப்1-ல போடுங்க. டிஸ்க் ஆப் திரைல பாத்தை டிஎஃப்1-னு மாத்திட்டு சேவ் பண்ணுங்க. 880 கேபி கொள்ளும். எமுலேட்டரோட ஸ்டேட் சேவை மட்டும் நம்பி பாட்டை விட்டுடாதீங்க. மாட் ஃபைலா வெளிய எடுத்தாதான் வேற ப்ளேயர்ல திறக்க முடியும்.

நீங்க கேக்கல, ஆனா அடுத்து இதுல தான் மாட்டுவீங்க. நம்பர் பேடை அழுத்தினா சாம்பிள் மாறாது. கேம் போர்ட்ஸ் பக்கத்துல போர்ட் 2-க்கு கீபோர்டு ஜாய்ஸ்டிக் போட்டிருக்கும், அந்தக் கீ எல்லாத்தையும் அது எடுத்துக்கும். "நன்"னு மாத்திடுங்க. கீ அழுத்தினா சத்தம் தாமதமா வந்தா, சவுண்ட் பக்கத்துல வாசாபிங்கிற (WASAPI) விண்டோஸ் ஒலி வழியை எடுத்து, பஃபரைப் படிப்படியா குறைங்க. வெடிப்புச் சத்தம் வந்ததும் ஒரு படி பின்னாடி வாங்க. ப்ளூடூத் ஹெட்ஃபோன் போட்டிருந்தா இது எதுவும் உதவாது, ஒயர் ஹெட்ஃபோன் மாட்டுங்க. சத்தம் மொத்தமா மூடின மாதிரி கேட்டா, பேட்டர்ன்ல இ01 (E01) கட்டளை போடுங்க, பவர் லைட்டோட சேர்ந்த ஃபில்டர் ஆஃப் ஆகும்.