"கான்ட் ஓபன் டிஸ்ப்ளே" வருகிறதா? முக்காற்புள்ளிக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்!

(காட்சி: பாம்பன் கரை, கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் லேப்டாப்)

வணக்கம் மக்களே! தூரத்து கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போய், கடிகாரம் காட்டும் எக்ஸ்கிளாக் என்ற புரோகிராமை அடித்தேன். கடிகாரம் வரவில்லை. "எரர்: கான்ட் ஓபன் டிஸ்ப்ளே:" என்று வந்தது. கடைசி முக்காற்புள்ளிக்குப் பின்னால் வெறுமை. அந்த வெறுமைதான் துப்பு!

லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் அமைப்புக்குப் பெயர் எக்ஸ். வரலாறு ஒரே வரி: எக்ஸ் 1984-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்தது, அதன் 11-ஆவது பதிப்பான எக்ஸ்11 1987-ல் வந்தது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

எக்ஸில் சர்வர் என்பது தூரத்து கம்ப்யூட்டர் இல்லை. திரையும் கீபோர்டும் இருக்கும் உங்கள் லேப்டாப்தான் சர்வர்! புரோகிராம் கடலில் நிற்கும் படகு, உங்கள் திரை கரை. எந்தக் கரையில் இறக்குவது என்று சொல்வது டிஸ்ப்ளே என்ற மாறி. அது காலியாக இருந்தால் படகு எங்கே வரும்? வெளியே வந்து, எஸ்எஸ்எச்சோடு ஹைஃபன் பெரிய எக்ஸ் சேர்த்து மறுபடி நுழையுங்கள். "லோக்கல்ஹோஸ்ட்:10.0" என்று அதுவே நிரப்பிவிடும். எக்ஸின் போர்ட் எண்கள் 6000-ல் தொடங்கும்; அதனுடன் 10 கூட்டினால் 6010, அதுதான் இங்கே போர்ட். கையால் மாற்றாதீர்கள். அப்போதும் காலி என்றால், தூரத்து கம்ப்யூட்டரின் எஸ்எஸ்எச் அமைப்பில் எக்ஸ்11ஃபார்வர்டிங் 'யெஸ்' என்று இருக்கிறதா, அனுமதியைக் கவனிக்கும் எக்ஸ்ஆத் என்ற கருவி அங்கே நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் வேண்டும், இல்லையா? எக்ஸிலும் டோக்கன் உண்டு! பெயர் எம்ஐடி மேஜிக் குக்கி. 128 பிட், எழுதினால் 32 எழுத்து. உங்கள் ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் எக்ஸ்அத்தாரிட்டி என்ற கோப்பில் இருக்கிறது. 'எக்ஸ்ஆத் லிஸ்ட்' அடித்தால் கண்ணால் பார்க்கலாம்.

(திரையில்: நீளமான குக்கி வரி, பாதி மறைத்து)

நீங்கள் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்குக்கு, மாறியதும் ஹோம் ஃபோல்டரும் மாறிவிடுகிறது. டோக்கன் உங்கள் சட்டைப்பையில், கடலுக்குக் கிளம்பியவர் வேறு ஆள்! ரூட்டிலும் டிஸ்ப்ளே மதிப்பைக் கொடுத்து, எக்ஸ்அத்தாரிட்டி மாறியில் உங்கள் கோப்பின் முழுப் பாதையையும் கொடுங்கள், பெரும்பாலும் ஜன்னல் திறந்துவிடும்.

தயவுசெய்து 'எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்' மட்டும் அடிக்காதீர்கள். டோக்கனே வேண்டாம், யாரும் வரலாம் என்று துறைமுகத்தைத் திறந்துவிடுவது அது. உள்ளே வந்த புரோகிராம் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டைக்கூட எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். இதைத் தீர்வாகச் சொல்பவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே கோபம்.

(திரையில்: வட்டக் கடிகாரம், பின்னால் பாலம்)

வந்துவிட்டது பாருங்கள்! உங்களுக்கு முக்காற்புள்ளிக்குப் பின்னால் என்ன வருகிறது? கமெண்டில் அந்த வரியை அப்படியே போடுங்கள். குக்கியைப் போட்டுவிடாதீர்கள்!