காது மெஷின் என் பையில் இருந்தது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மருத்துவமனையில் படுத்திருப்பவரின் மனத்தைக் கவனிக்க வேண்டியது குடும்பமா, மருத்துவமனையா? தலைப்பு இதுதான். "பெற்ற தாயின் மனம் பிள்ளைக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுக் கைதட்டலோடு போனார் எதிரணி நண்பர். அப்படி ஒரு பிள்ளைதான் நான். எனக்குத் தெரியவில்லை ஐயா.

இடுப்பெலும்பு முறிந்து என் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் ராத்திரி. டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினார். என்னைப் பார்த்து "நீ யாரு?" என்றார். எப்போதோ செத்துப்போன மாமா சுவரோரம் நிற்கிறார் என்று அழுதார். பெரியம்மா திருநீறு பூசினார். இனி அம்மா இப்படித்தான் என்று நான் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். நைட் டியூட்டி சிஸ்டர்தான், "பயப்படாதீங்க சார், இது திடீர்னு வர்ற மனக்குழப்பம், இதுக்குப் பேர் டெலிரியம், சரியாகிடும்" என்று டாக்டரை அழைத்தார். ரத்தத்தில் சோடியம் இறங்கியிருந்தது. அதோடு விடாமல், "அம்மாவோட கண்ணாடி, காது மெஷின் எங்க?" என்று கேட்டார்.

தொலைந்துவிடக் கூடாதே என்று இரண்டையும் என் பையில் வைத்திருந்தேன். இரவும் பகலும் ஒரே டியூப்லைட் எரியும் அறையில், கண்ணும் காதும் இல்லாமல் மூன்று நாள் அவரைத் தனியே விட்டிருக்கிறேன், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு!

அமெரிக்காவில் யேல் நியூ ஹேவன் மருத்துவமனையில் 70 வயதும் அதற்கு மேலுமான 852 பேரை வைத்து நடந்த ஆய்வு 1999இல் வெளியானது. கண்ணாடி, காதுக்கருவி, குடிக்கத் தண்ணீர், கொஞ்சம் நடை, கலைக்காத தூக்கம், இன்று என்ன தேதி என்று சொல்வது. இவ்வளவையும் முறை வைத்துச் செய்தார்கள். டெலிரியம் வந்தவர்கள் 9.9 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 15.

அம்மா தெளிந்தபின் நான் எப்போது கேட்டாலும், "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். சிஸ்டரிடம் மட்டும், "பிள்ளை தலையில கடன ஏத்திட்டேனே, கண்ண மூடினா தூக்கம் வரல" என்றாராம். பிள்ளை கலங்குவானென்று தாய் மறைக்கிறார். தாய் பயப்படுவாரென்று பிள்ளை ரிப்போர்ட்டை மறைக்கிறான். எதிரணி கொண்டாடும் பாசம்தான் இருவர் வாயையும் அடைக்கிறது.

அடைத்த வாய் உயிரையும் வாங்கும். கனடாவின் மாண்ட்ரியலில் மாரடைப்பு வந்த 222 பேரைத் தொடர்ந்து பார்த்து 1993இல் எழுதினார்கள். மனச்சோர்வு இருந்தவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்களின் விகிதம் மற்றவர்களைவிடப் பல மடங்கு.

இருக்கிற வேலைக்கே சிஸ்டர் போதவில்லை என்பார்கள். உண்மை, கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்த ஒரு சிஸ்டர் அன்று லீவு போட்டிருந்தால்? அம்மாவின் பிபி, ஜுரம், சிறுநீர் அளவெல்லாம் கேஸ் ஷீட்டில் இருந்தன; மனத்தைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. இரண்டு கேள்வி போதும் நடுவர் அவர்களே. இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனசு சோர்ந்தே கிடக்கிறதா? பிபி எழுதும் அதே தாளில் இதற்கு ஒரு வரி. 'ஆமாம்' என்று வந்தால் மனநல மருத்துவரை வரவழைக்க ஒரு கையெழுத்து. அந்த வரியை மருத்துவமனைதான் போட முடியும் என்று சொல்லி, என் பேச்சை நிறுத்துகிறேன். நன்றி.