பேக்கப் பாதியில நின்னா உடனே செக்டிஸ்க் போடாதீங்க!

வணக்கம் மக்களே. பேக்கப் போட்டா 60 பர்சென்ட் வரைக்கும் ஜம்முனு போகுது, அப்புறம் அப்படியே நிக்குது. கடைசியில 'டேட்டா எரர், சைக்ளிக் ரிடன்டன்சி செக்'னு ஒரு பெட்டி வந்து விழுது. இதைப் பார்த்ததும் நம்மாளுங்க முதல்ல செய்யறது செக்டிஸ்க்ல, அதாவது விண்டோஸ்லயே இருக்கற டிஸ்க்கை சரிபார்க்கற கமாண்ட்ல, ஸ்லாஷ் ஆர் போடறது. கொஞ்சம் பொறுங்க. கையை எடுங்க.

ஸ்லாஷ் ஆர்ங்கிறது டிஸ்க்ல இருக்கற ஒவ்வொரு செக்டாரையும், அதாவது டேட்டா எழுதற ஒவ்வொரு சின்னக் கட்டத்தையும், படிச்சுப் பார்க்கும். ஏற்கெனவே மூச்சு வாங்கற டிஸ்க்கை மலையேறச் சொல்ற கதை அது. அதுக்கு மேல, ஃபைல் சிஸ்டத்தை சரி பண்றேன்னு உடைஞ்சு போன என்ட்ரியை எல்லாம் வெட்டிப் போடும். நம்ம ஃபோட்டோ ஃபோல்டர் காணாமப் போய், ஃபவுண்ட் ஜீரோ ஜீரோ ஜீரோன்னு ஒரு ஃபோல்டர்ல துண்டு துண்டா கிடக்கும்.

அதனால முதல்ல டிஸ்க் என்ன சொல்லுதுன்னு கேளுங்க. அதுக்கு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு டிஸ்க்கோட உடம்பு நிலையைக் காட்டற சாஃப்ட்வேர் இருக்கு, ஃப்ரீதான். இதோ ஸ்க்ரீன்ல பாருங்க, மஞ்சள்ல 'காஷன்'னு காட்டுது. இதுல நம்பர் எல்லாம் ஹெக்ஸ்ல, அதாவது ஏ, பி, சி எழுத்தும் கலந்த 16 அடிமான எண்ணுல இருக்கும். ஃபங்ஷன், அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் போய் நம்ம சாதாரண டெசிமலுக்கு மாத்திக்கோங்க, இல்லன்னா சும்மா பயந்துடுவீங்க.

நாலு வரி போதும். 05, செத்துப் போன செக்டாருக்கு பதிலா ஸ்பேர் செக்டார் போட்ட கணக்கு. சி5, படிக்க முடியாம 'அப்புறம் பார்க்கலாம்'னு ஒதுக்கி வச்சது. சி6, டிஸ்க்கு தானா சோதிச்சப்பவும் சரி வராதது. சி7, கேபிள்ல போற வழியில டேட்டா கெட்டது.

இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க. சி7க்கும் சிஆர்சின்னுதான் பேரு, விண்டோஸ் காட்டற அந்த 'சைக்ளிக் ரிடன்டன்சி செக்' மெசேஜும் சுருக்கமா சிஆர்சி. ஆனா விண்டோஸ் அப்படிச் சொன்னா பெரும்பாலும் செக்டாரே படிக்க முடியலைன்னுதான் அர்த்தம். சி5, சி6 ஜீரோவா இருந்து சி7 மட்டும் ஏறிக்கிட்டே இருந்தா, கேபிளை மாத்துங்க, போர்ட்டை மாத்துங்க. மாத்தின பிறகும் அந்த நம்பர் குறையாது, அது குறையற நம்பரே இல்ல. மேல ஏறாம நின்னா பிரச்சினை தீர்ந்துச்சு. எக்ஸ்டெர்னல் டிஸ்க்னா டெஸ்க்டாப்போட முன்பக்க போர்ட்ல சொருகாதீங்க, பின்னாடி நேரா மதர்போர்டுல சொருகிப் பாருங்க.

சி5 ஏறியிருக்கா? அப்ப சாதா பேக்கப் சாஃப்ட்வேர் வேண்டாம், அதுல பாதி ஒரு எரர் வந்தாலே கைவிரிச்சிடும். உபுன்டு லைவ் பென்டிரைவ்ல, அதாவது இன்ஸ்டால் பண்ணாமலே பென்டிரைவ்ல இருந்து ஓடற லினக்ஸ்ல பூட் பண்ணி, ஜிடிடிரெஸ்க்யூ பேக்கேஜ் போடுங்க, கமாண்ட் பேரு டிடிரெஸ்க்யூ. பழைய டிஸ்க்கை அப்படியே புது டிஸ்க்குக்கு காப்பி பண்றது இது, புத்திசாலி. கஷ்டமான இடத்தைத் தாண்டிப் போய் நல்லா இருக்கறதை எல்லாம் முதல்ல அள்ளிடும். முதல் ரவுண்டு மைனஸ் என் கொடுங்க, நோண்டாம போகும். அடுத்த ரவுண்டு மைனஸ் டி, மைனஸ் ஆர்3. அப்ப விட்டுப் போனதை மட்டும் மறுபடி முயற்சி பண்ணும்.

எது எங்க விட்டுப் போச்சுன்னு மேப் ஃபைல்ல எழுதிக்கும். அந்த ஃபைலை லைவ் செஷன்லயே வைக்காதீங்க, கரண்ட் போனா அதுவும் போச்சு. வேற பென்டிரைவ்ல வைங்க. அப்புறம் கமாண்ட்ல சோர்ஸ், அதாவது பழைய டிஸ்க் முதல்ல, டெஸ்டினேஷன், அதாவது புது டிஸ்க் ரெண்டாவது. மாத்திப் போட்டா வெத்து டிஸ்க்கை எடுத்து உங்க டேட்டா மேல எழுதிடும். டிஸ்க்குகளைப் பட்டியல் போடற எல்எஸ்பிஎல்கே கமாண்ட் போட்டு சைஸ், மாடல் பார்த்துட்டு என்டர் தட்டுங்க. புது டிஸ்க் அதே சைஸ்ல இருக்கணும், இல்லன்னா அதைவிட பெருசா இருக்கணும்.

டிஸ்க்ல டக் டக்குனு சத்தம் வந்தா மட்டும் இது எதுவும் வேண்டாம். ஆஃப் பண்ணி, டேட்டா ரெக்கவரி பண்றவங்க கிட்ட கொண்டு போங்க.

காப்பி முடிஞ்சுதா? இப்ப செக்டிஸ்க் போடுங்க, புது டிஸ்க் மேல. பழசைத் தொடாதீங்க.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கறவங்களுக்கு ஒரு விஷயம். முழு ஃபார்மட் அடிச்சா சி5 ஜீரோ ஆகிடலாம், ஏன்னா எழுதும்போது டிஸ்க் அந்த செக்டாரை ஒண்ணு ஏத்துக்கும், இல்ல ஸ்பேருக்கு மாத்திடும். அதனால கடைக்காரர் சி5ஐக் காட்டி 'சுத்தமா இருக்கு சார்'னா, 05ஐக் காட்டச் சொல்லுங்க.